காயலான் கடைப் பாகங்களில் ஒரு கிட்டார் எஃபெக்ட் பெட்டி

கேள்வி இதுதான். வீட்டில் ஓடாத பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இரண்டு, ஒரு டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது), யாரோ அசெம்பிள் செய்து கொடுத்த 5.1 ஆம்ப்ளிஃபயர், எக்கோ வைத்த கரோக்கி போர்டு ஒன்று கிடக்கின்றன. கேட்டவர் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் கல்லூரி மாணவர். இவற்றைப் பிரித்து ஃபஸ் (முரட்டுக் கரகரப்பு), ஓவர்டிரைவ் (மிதமான கரகரப்பு), வா (வாய் திறந்து மூடுவது போன்ற ஒலி), ஃபேசர் (சுழல்வது போன்ற ஒலி), டிரெமலோ (வால்யூம் ஏறி இறங்கித் துடிப்பது), எக்கோ என்று கிட்டார் ஒலியை மாற்றும் எஃபெக்டுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அனலாகாகவே செய்ய முடியுமா, எதை எங்கிருந்து எடுப்பது, எந்த வரிசையில் இணைப்பது என்கிறார்.

முடியும். நான் இதுவரை மூன்று பெட்டி செய்திருக்கிறேன். முதலாவது சூடாகி நாறியது. இரண்டாவது தானாகவே ஊளையிட்டது. மூன்றாவது பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்யூட் படங்களுக்கு இன்று பஞ்சமே இல்லை, தேடினால் ஒரு எஃபெக்டுக்குப் பத்துப் படம் வரும். அதனால் படத்தில் இல்லாத விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பழைய போர்டிலிருந்து ஒலிக்குக் குணம் தருகிற பாகத்தை எடுங்கள். அசைகிற பாகத்தையும் காய்ந்துபோகிற பாகத்தையும் புதிதாக வாங்குங்கள். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், 4558 ஐசி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர், எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறைகிற பாகம்), பாலியெஸ்டர் கண்டன்சர், டேப் டெக்குக்குள் ஓடும் மெல்லிய ஷீல்டு ஒயர் இவையெல்லாம் எடுக்க வேண்டியவை. எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் உள்ளே காய்ந்துபோயிருக்கும், பழையதைத் தொடாதீர்கள். ஜாக், காலால் மிதிக்கிற சுவிட்ச், வால்யூம் கண்ட்ரோல் ஆகியவையும் புதிதுதான். பழைய ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோல் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோ ஓம், நமக்குப் பெரும்பாலும் வேண்டியது 100, 500. மதிப்பு பொருந்தினாலும் திருப்பும்போது கரகரக்கும். ரெசிஸ்டரைப் பிடுங்குவது வெட்டி வேலை. புதிது மலிவுதான், பழைய கார்பன் ரெசிஸ்டரோ எழுதியிருக்கும் மதிப்பில் இருக்காது. இந்தப் புதுச் சாமான் அத்தனையையும் சென்னை ரிச்சி தெருவில் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம்.

பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ரேடியோவும் டூ-இன்-ஒன்னும் பயமில்லாதவை. குண்டு டிவி, கேமரா ஃப்ளாஷ், கம்ப்யூட்டர் பவர் சப்ளை இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். குண்டு டிவியில் அது ஆயிரக்கணக்கில். ஒரு எஃபெக்ட் பெட்டிக்கு வேண்டிய எதுவும் அவற்றுக்குள் இல்லை.

சரி, ஃபஸ். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், பழைய பாகங்களுக்கு நிஜமான மதிப்பு இருப்பதும் இதில்தான். இந்த ஒலி பிறந்ததே ஒரு பழுதில். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் மிக்ஸர் மேசையின் ஒரு சேனல் கெட்டுப்போய், அதன் வழியே போன பேஸ் கிட்டார் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரத்தது. அதை அப்படியே இசைத்தட்டில் விட்டுவிட்டார்கள். பிறகு அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்க ஒரு சர்க்யூட் செய்தார்கள். 1962-ல் கிப்ஸன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. உள்ளே மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள், 3 வோல்ட், அவ்வளவுதான். நாம் செய்யப் போவது அதைவிட எளிது. 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர், இரண்டு கண்ட்ரோல். கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்தது இதைத்தான்.

உங்கள் ரேடியோ 1970-களைச் சேர்ந்தது என்றால், ஸ்பீக்கருக்கு ஒயர் போகிற இடத்துக்குப் பக்கத்தில் விரல் நகத்தைவிடச் சின்னதாக உலோக உருளைகள் நிற்கும். ஏசி 127, ஏசி 128, இல்லாவிட்டால் ஏசி 187, 188. பெங்களூரு பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) முத்திரையோடு இவை நம் ஊர் ரேடியோக்களில் நிறைய வந்தன. டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். உடம்பில் புள்ளி இருக்கும் பக்கம் கலெக்டர். கழற்றும்போது காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு சால்டரிங் அயர்ன் வையுங்கள், சூடு குறட்டுக்குப் போகட்டும். காலை ஒட்ட வெட்டாதீர்கள், நீளமாகவே இருக்கட்டும். அதே போர்டில் ஏஎஃப் 117 போன்ற நான்கு கால் டிரான்சிஸ்டர் தென்பட்டால் நம்ப வேண்டாம். அதன் உலோகக் கூட்டுக்குள் வெள்ளீயத்தில் மயிரிழை போல நுண்கம்பி முளைத்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். வேலை செய்யும் ரேடியோவைக்கூட ஊமையாக்குகிற பேர்வழி அது.

எடுத்த டிரான்சிஸ்டரை அப்படியே போடக் கூடாது, அளக்க வேண்டும். மல்டிமீட்டரில் இருக்கும் டிரான்சிஸ்டர் சோதனைக் குழி ஜெர்மேனியத்தில் பொய் சொல்லும். ஜெர்மேனியத்தில் பேஸுக்கு எதுவுமே கொடுக்காமல் கொஞ்சம் கரண்ட் கசியும். மீட்டர் அந்தக் கசிவையும் கெயினோடு (டிரான்சிஸ்டர் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற கணக்கோடு) சேர்த்துக் காட்டிவிடும். எஃபெக்ட் செய்கிறவர்களிடம் ஒரு எளிய வழி இருக்கிறது. 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 270 ஓம் ரெசிஸ்டரையும் தொடராகப் போட்டால் 2.47 கிலோ ஓம். அதைக் கலெக்டரில் வைத்து 9 வோல்ட் கொடுங்கள், பேஸ் எதிலும் படாமல் தொங்கட்டும். அந்த ரெசிஸ்டரின் இரு முனைக்கு நடுவே வோல்ட்டேஜைப் பாருங்கள். 0.25 வோல்ட் என்றால் கசிவு சுமார் 100 மைக்ரோ ஆம்பியர். இப்போது பேட்டரியின் கலெக்டர் பக்க முனையிலிருந்து பேஸுக்கு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டரைத் தொடுங்கள். 1.35 வோல்ட்டுக்கு ஏறியது என்றால் வித்தியாசம் 1.10. அதை நூறால் பெருக்கினால் நிஜமான கெயின், 110. கசிவைக் கழிக்காமல் மொத்தத்தைப் பெருக்கியிருந்தால் 135 என்று நினைத்திருப்போம். முதல் இடத்துக்கு 70-ஐ ஒட்டியது, இரண்டாவது இடத்துக்கு 110, 120-ஐ ஒட்டியது என்று வைத்தால் நன்றாக இருக்கும். கசிவு 200 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போனால் தூரப் போடலாம்.

அளந்துகொண்டிருக்கும்போது டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். மீட்டரில் 0.25 இருந்தது 0.28, 0.31 என்று நீங்கள் பார்க்கப் பார்க்க ஏறும். விட்டதும் மெதுவாக இறங்கும். ஜெர்மேனியம் உங்கள் உடம்புச் சூட்டை அளந்து சொல்கிறது. சுமார் 10 டிகிரி ஏறினால் கசிவு இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. லண்டன் குளிருக்குச் செய்த சர்க்யூட்டை நம் ஊர் மே மாதத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதல் டிரான்சிஸ்டரில் கசிவு கூடும், இரண்டாவது மூடிக்கொள்ளும், நீளமாக இழுக்க வேண்டிய சுரம் பொரி பொரிவது மாதிரி உடைந்து உடைந்து நின்றுபோகும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட்டை ஒட்டி நிற்பதுதான் சரியான இடம். மூலப் படத்தில் அங்கே 8.2 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டர் இருக்கும். அதற்குப் பதில் 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 10 கிலோ ஓம் கண்ட்ரோலையும் தொடராகப் போட்டு, அந்தக் கண்ட்ரோலைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவாருங்கள். என் பெட்டியில் அதற்கு மேலே 'வெயில்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இனி முதல் பெட்டி நாறிய கதை. ஏசி 128 என்பது பிஎன்பி வகை. அதை வைத்து மூலப் படத்தின்படி செய்தால் பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்ட், அதாவது பெட்டியோடு சேரும் பொது முனை. ஓவர்டிரைவ், எக்கோ போன்ற மற்றவற்றில் நெகட்டிவ்தான் கிரவுண்ட். தனித்தனியாக மேசை மேல் பேட்டரியில் சோதித்தபோது இரண்டும் அருமையாகப் பாடின. நானும் சந்தோஷமாக இரும்புப் பெட்டியில் இறக்கி, ஜாக்குகளை முடுக்கி, ஒரே அடாப்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் சப்ளை கொடுத்தேன். ஒலியே இல்லை. ஃபஸ் போர்டின் ஜாக் பாசிட்டிவைப் பெட்டியோடு சேர்த்தது, ஓவர்டிரைவ் போர்டின் ஜாக் நெகட்டிவை அதே பெட்டியோடு சேர்த்தது. ஆக, சப்ளையைப் பெட்டியின் தகடு வழியாகவே ஷார்ட் செய்திருக்கிறேன். இது புரிய எனக்கு இருபது நிமிடமும் ஒரு அடாப்டரும் செலவானது.

இதற்கு எளிய தீர்வு ஏசி 127. அது என்பிஎன், நெகட்டிவ் கிரவுண்டில் மற்றவற்றோடு சேர்ந்து உட்காரும். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களின் முனைகளை மட்டும் திருப்பிப் போட வேண்டும். குறை என்னவென்றால், என் கைக்கு வந்தவற்றில் 127-கள் 128-களைவிட அதிகம் கசிந்தன. பத்தை அளந்தால் இரண்டு தேறும். உங்களிடம் நல்ல 128 ஜோடி இருந்தால், ஃபஸுக்கு மட்டும் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி வைத்துவிடுங்கள். அது குடிக்கிற கரண்ட் மிகக் குறைவு, மாதக்கணக்கில் வரும். ஆனால் பேட்டரியின் பாசிட்டிவ் மட்டும் பெட்டியைத் தொடட்டும், நெகட்டிவ் வேறெங்கும் படக் கூடாது. ஜெர்மேனியமே கிடைக்கவில்லையா, டூ-இன்-ஒன் போர்டில் இருக்கும் பிசி 148 வகை சிலிக்கனிலும் ஃபஸ் வரும். ஒலி கொஞ்சம் கூர்மையாக, பல்லைக் கூச வைக்கிற மாதிரி இருக்கும், ஆனால் வெயிலுக்கு அசையாது.

ஓவர்டிரைவில் இவ்வளவு நாடகம் இல்லை. 1970-களின் கடைசியில் வந்த டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலின் இதயம் 4558 என்கிற எட்டுக் கால் ஐசி. நம் ஊரில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்களின் பேஸ்-டிரெபிள் போர்டில் பெரும்பாலும் இருப்பதும் அதேதான். உங்கள் 5.1 பெட்டியைத் திறந்தால் வரிசையாக நிற்கலாம். ஐசியின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக் பாதையில் 51 கிலோ ஓமும் 500 கிலோ ஓம் கண்ட்ரோலும், கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோ ஃபாரட்டும். இதில் கெயின் 12 மடங்கிலிருந்து 118 மடங்கு வரை போகும். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் குறைந்துகொண்டே போவதால், தடித்த கம்பிகள் குழம்பாமல் நடுச் சுரங்கள் முன்னால் வந்து நிற்கும். ஃபீட்பேக்கில் எதிரெதிராக இரண்டு டயோடு. 1என் 4148 போட்டால் வழக்கமான ஒலி. ரேடியோவில் டிடெக்டராக இருக்கும் ஓஏ 79 கண்ணாடி டயோடைப் போட்டுப் பாருங்கள். அது 0.3 வோல்ட் பக்கத்திலேயே வழிவிட ஆரம்பிப்பதால் சீக்கிரம் கரகரக்கும், வால்யூம் குறையும், விளிம்பு மழுங்கி இருக்கும். நான் ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது என்று கலந்து போட்டிருக்கிறேன். எது நல்லது என்பதில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

வா பெடலுக்கு வேண்டியவை இரண்டு: சுமார் 500 மில்லி ஹென்றி காயில் ஒன்று, காலால் திருகுகிற கண்ட்ரோல் ஒன்று. காயிலுக்குப் பழைய ரேடியோவின் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரை எடுங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்கு முன்னால் தீப்பெட்டியில் பாதி அளவில் இருக்கும். அதன் பிரைமரி சுற்றை மட்டும் பயன்படுத்துங்கள். மதிப்பு தெரியாதே என்றால், அதற்கு இணையாக 0.01 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரை வைத்து, செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 100 கிலோ ஓம் வழியாக ஒலியைக் கொடுங்கள். காயிலின் முனையில் வருவதை ஆம்ப்ளிஃபயரில் கேட்டுக்கொண்டே அலைவரிசையை ஏற்றுங்கள். ஓரிடத்தில் சட்டென்று உரக்கும். அது 2,250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் என்றால் உங்கள் கையில் இருப்பது 500 மில்லி ஹென்றி. அதைவிடக் கீழே உரத்தால் மதிப்பு அதிகம், மேலே என்றால் குறைவு. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, கண்டன்சரை மாற்றிச் சரிக்கட்டலாம். மிதிக்கிற பகுதிக்கு மோட்டார் வைத்த தையல் மெஷினின் பழைய பெடல் பொருத்தமாக இருக்கும். உள்ளே இருப்பதையும் 230 வோல்ட் ஒயரையும் முழுக்கப் பிடுங்கி எறிந்துவிட்டு 100 கிலோ ஓம் கண்ட்ரோலைப் பொருத்துங்கள். மேலும் கீழும் போகிற மிதியைச் சுழலாக மாற்ற நான் டிவிடி டிரைவின் தட்டை வெளியே தள்ளும் பல்லையும் பட்டையையும் வைத்துப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் பல் உதிர்ந்துவிட்டது. இப்போது இருப்பது ஒரு துண்டு மீன்பிடி நரம்பும் ஸ்பிரிங்கும்.

டிரெமலோ, ஃபேசர் இரண்டுக்கும் எல்டிஆர் போதும். தானாக எரிந்து அணைகிற தெருவிளக்குச் சுவிட்சுகளின் தலையில் பாம்பு நெளிவது போலக் கோடு போட்ட வட்டம் இருக்குமே, அதுதான். எல்இடி ஒன்றையும் எல்டிஆர் ஒன்றையும் முகத்துக்கு முகம் வைத்து, வெளிச்சம் புகாதபடி கறுப்பு ஸ்லீவில் மூடினால் டிரெமலோவின் பாதி வேலை முடிந்தது. எல்இடியை மெதுவாக ஏற்றி இறக்க எல்எம் 358 ஐசி போதும், அது பழைய சார்ஜர்களிலும் யூபிஎஸ் போர்டுகளிலும் கிடைக்கும். 555 டைமர் ஐசி வேண்டாம். அது எல்இடியைப் பட்டென்று போட்டு அணைக்கும், ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் டிக் டிக் என்று கடிகாரம் கேட்கும். ஃபேசருக்கு நான்கு எல்டிஆரை ஒரே சின்ன பல்பைச் சுற்றி நிறுத்த வேண்டும். 1960-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்த யூனி-வைப் என்ற எஃபெக்ட் இப்படித்தான் செய்யப்பட்டது. எஃப்இடி (வோல்ட்டேஜால் திறந்து மூடுகிற டிரான்சிஸ்டர் வகை) வைத்த ஃபேசர் படங்களும் நிறைய உண்டு, அதற்கு ஒரே மாதிரியான எஃப்இடி நான்கு வேண்டும். நம் கல்லூரி லேப்களில் புழங்கும் பிஎஃப்டபிள்யூ 10-ஐ வைத்து முயன்றேன். அதை மூட நிறைய வோல்ட் கேட்கிறது, 9 வோல்ட் பெட்டிக்குள் அது சரிப்படவில்லை.

எக்கோவில் உங்கள் 'அனலாக்' நிபந்தனை கொஞ்சம் ஆட்டம் காணும். உங்கள் கரோக்கி போர்டில் பெரும்பாலும் இருப்பது பிடி 2399 என்ற எக்கோ ஐசி. கேட்க அனலாக் மாதிரி மங்கலாக இருந்தாலும் அது உள்ளுக்குள் ஒலியை எண்ணாக்கி, மெமரியில் வைத்து, திரும்ப ஒலியாக்குகிறது. நிஜ அனலாக் வேண்டுமென்றால் பிபிடி (பக்கெட் பிரிகேட், வாளி வரிசை) வகை ஐசி. ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டியர் என்ற இருவர் 1969-ல் கொண்டுவந்த யோசனை அது. தளம் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள் இல்லையா, அதேதான். ஒலியின் ஒவ்வொரு துளியும் ஒரு கண்டன்சரிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக் கைமாறித் தாமதமாக மறுமுனைக்கு வரும். எம்என் 3207-ல் 1,024 சட்டிகள். 10 கிலோ ஹெர்ட்ஸ் தாளத்தில் கைமாற்றினால் 51 மில்லி செகண்ட் தாமதம் கிடைக்கும். தாளத்தை இன்னும் மெதுவாக்கினால் தாமதம் கூடும், ஆனால் அந்தத் தாளமே கீச்சென்று காதில் விழும். அதை வடிகட்டப் போனால் கிட்டாரின் மேல் சுரங்களும் சேர்ந்து போய்விடும். ஆகவே ஒற்றை 3207 கிடைத்தால் கோரஸ் (பல கிட்டார் சேர்ந்து ஒலிப்பது போன்ற எஃபெக்ட்) செய்யுங்கள், எக்கோவுக்கு அது போதாது.

நான் சொல்வது, சுத்தம் பார்க்காமல் பிடி 2399-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள். நேரடி ஒலி அனலாகாகவே போகட்டும், எதிரொலி மட்டும் அதன் வழியே வந்து கலக்கட்டும். ஆறாவது காலில் இருந்து கிரவுண்டுக்கு இருக்கும் ரெசிஸ்டர்தான் தாமதத்தைத் தீர்மானிக்கிறது. அதை எடுத்துவிட்டு 2.7 கிலோ ஓமும் 50 கிலோ ஓம் கண்ட்ரோலும் தொடராகப் போடுங்கள். 27 கிலோ ஓம் பக்கத்தில் சுமார் 340 மில்லி செகண்ட், அதற்கு மேல் கரகரப்பு கூடிக்கொண்டே போகும். 2.7-ஐ விட்டுவிட்டு நேராகக் கண்ட்ரோலை மட்டும் போட்டால், அது பூஜ்யத்தில் இருக்கும்போது ஆன் செய்கிற அன்று ஐசி உறைந்து நின்றுவிடும், கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவீர்கள். அதற்கு 5 வோல்ட்தான், 7805 ரெகுலேட்டர் வழியாகக் கொடுங்கள். டூ-இன்-ஒன்னின் டேப் தலையை வைத்து டேப் எக்கோ செய்யலாமே என்று கேட்பீர்கள். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், பதிவுத் தலைக்கும் கேட்புத் தலைக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் 210 மில்லி செகண்ட். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. செய்யத் தனியாக ஒரு மழைக்காலம் முழுக்க வேண்டும்.

வரிசை இப்படி: கிட்டார், ஃபஸ், வா, ஓவர்டிரைவ், ஃபேசர், டிரெமலோ, கடைசியில் எக்கோ. இதில் ஃபஸ் முதலில் நிற்பது விருப்பம் அல்ல, கட்டாயம். ஃபஸ் ஃபேஸ், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டாரின் பிக்கப் காயிலையே தன் சர்க்யூட்டின் ஒரு பாகமாக எடுத்துக்கொள்கிறது. கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு வடிந்து மணி மாதிரி ஒலிப்பது அதனால்தான். நடுவில் பஃபர் (முன்னால் இருப்பதைப் பாதிக்காமல் ஒலியை அடுத்ததற்குக் கடத்தும் சின்ன சர்க்யூட்) வைத்தால் அந்த உறவு போயிற்று. ஃபஸுக்கு முன்னால் வா வைத்தால் இரண்டும் சேர்ந்து ஊளையிடும், என் இரண்டாவது பெட்டியின் வியாதி அதுவே. ஃபஸ் தாண்டிய உடனே ஒரு பஃபர் கட்டாயம் வேண்டும். டிஎல் 072 ஐசியின் ஒரு பாதி, உள்ளே நுழையும் இடத்தில் 1 மெகா ஓம், அவ்வளவுதான். மேலே சொன்ன பிஎஃப்டபிள்யூ 10 இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

எஃபெக்டுகளைத் தனித்தனியாகச் செய்வது சுலபம், ஒரே பெட்டியில் குடிவைப்பதுதான் கஷ்டம். முதல் விதி, 230 வோல்ட் பெட்டிக்குள் வரவே கூடாது. கிட்டார் வாசிப்பவரின் கை எப்போதும் உலோகக் கம்பியின் மேல், அந்தக் கம்பி பெட்டியின் கிரவுண்டோடு சேர்ந்தது. உள்ளே ஏதாவது நழுவித் தகட்டைத் தொட்டால் கரண்ட் நேராக உங்கள் கைக்கு வரும். அதனால் வெளியே ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர், உள்ளே அதை 9 வோல்ட்டாக்கும் 7809 ரெகுலேட்டர். செல்போன் சார்ஜர் வகை கனமில்லாத அடாப்டர் பல சமயம் கீச்சென்ற சத்தத்தையும் கூடவே கொண்டுவரும். எல்லாம் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர்கூட ஆகாது. யூபிஎஸ்ஸிலிருந்து கழித்துக்கட்டிய 12 வோல்ட் பேட்டரி இருந்தால் இன்னும் நல்லது. 7 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 2 மிச்சம் இருந்தால்கூட இருபது மணி நேரம் வரும், ஹம் (மின்சார ரீங்காரம்) என்ற பேச்சே இருக்காது. பேட்டரியின் முனையிலேயே அரை ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள், ஷார்ட் ஆனால் அந்தப் பேட்டரி ஒயரைக் கொளுத்துகிற ஜாதி.

ஒவ்வொரு போர்டுக்கும் சப்ளை நுழையும் இடத்தில் 100 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் வையுங்கள். டிரெமலோவின் துடிப்பு சப்ளை வழியாக ஃபஸுக்குள் புகாமல் இருக்க இது வேண்டும். பிடி 2399 கரண்டை அதிகம் இழுக்கும், அதன் 7805-க்கு மட்டும் 12 வோல்ட்டிலிருந்தே நேராகக் கொடுங்கள். கிரவுண்ட் ஒயர்களை ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்குச் சங்கிலியாக ஓட்டாமல், எல்லாவற்றையும் தனித்தனியாக இழுத்து ஒரே போல்ட்டில் சேருங்கள். ஷீல்டு ஒயரின் வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

சுவிட்சுக்கு ஒரு யோசனை. ஒன்பது கால் ஃபுட் சுவிட்ச் ஆறு வாங்கினால் பட்ஜெட் பறந்துவிடும். பழைய மோடம், ஃபேக்ஸ், இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் போர்டுகளில் சர்க்கரைக் கட்டி அளவில் ரிலேக்கள் (காயிலில் கரண்ட் போனால் தானே மாறும் சுவிட்சுகள்) இருக்கும். மீட்டரை வைத்துப் பார்த்து இரண்டு வரிசைத் தொடர்பு உள்ளதாகப் பொறுக்குங்கள், கிட்டார் ஒலி அதன் வழியே போகட்டும். காலால் மிதிப்பது ரிலேயை மட்டும் ஆன் ஆஃப் செய்கிற சாதாரண சுவிட்சாக இருந்தால் போதும். ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடை மறக்க வேண்டாம். ரிலேக்களின் கரண்ட் மேலே சொன்ன 100 மில்லி ஆம்பியரில் சேராது, தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் யூபிஎஸ், ஸ்டெபிலைசரில் இருக்கும் பெரிய ரிலே கூடாது. அதன் தொடர்புப் புள்ளிகள் தீப்பொறி பறக்கிற கரண்டுக்குப் பழகியவை. கிட்டாரின் மில்லி வோல்ட்டை அவற்றில் விட்டால், கொஞ்ச நாளில் படியும் ஆக்சைடைத் தாண்ட அதற்குத் தெம்பிருக்காது, ஒலி வந்து வந்து போகும்.

பெட்டிக்கு ஓடாத டிவிடி பிளேயரின் கூடு சரியான அகலம். தகடு மெல்லியது, மிதித்தால் அமுங்கும், உள்பக்கம் ஒரு பிளைவுட் பட்டை கொடுத்துவிடுங்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பார்க்க அழகாக இருக்குமே என்று ஆசைப்பட வேண்டாம். டிரில் பிட் வழுக்கிக்கொண்டே போகும், வீட்டிலும் திட்டு விழும்.

எங்கே தொடங்குவது என்றால், ஓவர்டிரைவ். தப்பு செய்தாலும் ஓரளவு ஒலிக்கும் சர்க்யூட் அது. அதற்கும் முன்னால் ஒரு கருவி செய்துகொள்ளுங்கள்: பழைய ஷீல்டு ஒயர், ஒரு முனையில் ஆம்ப்ளிஃபயருக்கான பின், மறுமுனையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் ஒரு ஊசியும். ஒலி வராத போர்டில் கிட்டாரைச் செருகி, நண்பர் யாரையாவது கம்பியைத் தட்டச் சொல்லிவிட்டு, இந்த ஊசியால் நுழைவாயிலிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எந்த இடம் வரை கேட்டது, எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தால் குற்றவாளி அந்த இரண்டுக்கும் நடுவில்தான். மல்டிமீட்டரை வைத்து ஒரு மணி நேரம் முழிப்பதை இது ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும்.

ஃபஸ் மட்டும் நேற்று ராத்திரி ஜோராகப் பாடிவிட்டு இன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பொரிய ஆரம்பித்தால், ஊசியை எடுக்காதீர்கள், போர்டையும் கழற்றாதீர்கள். பெட்டியை ஃபேனுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, 'வெயில்' கண்ட்ரோலை ரெசிஸ்டன்ஸ் கூடுகிற பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.